காவல் போத்தல்

ஆற்றுக்குப் போகிற நாளில் எங்கள் யாருக்கும் மீன் ஆகாது. முதல் நாள் இரவிலிருந்தே ஆகாது. காலையில் மாத்தளையில் வேனில் ஏறும்போது, கோயிலுக்கு விரதம் பிடித்தவர்களை விசாரிப்பதுபோல எங்கள் மிஸ் ஒவ்வொருவராக விசாரிப்பார். ஒருமுறை டிரைவர் அண்ணனின் மனைவி ரொட்டிக்குச் சம்பல் இடித்துக் கொடுத்திருந்தார். பாதி வழியில் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் அதில் மாசி, அதாவது இடித்த சூரைக் கருவாடு, இருந்தது தெரிந்தது.

“மாசி எப்படிங்க மிஸ் மீனாகும்? அது சம்பலுக்குப் போடுறதுதானே” என்றார் டிரைவர் அண்ணன்.

“அப்ப மாசி மரத்துலயா காய்க்குது?”

வேன் அங்கேயே நின்றது. பொட்டலம் உறைக்குள் உறையாக மூன்று உறைக்குள் போனது. டிரைவர் அண்ணன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். அது போதாது என்று மறுபடியும் கழுவினார். அன்று முழுவதும் அவர் வேனைவிட்டு இறங்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் என்னையும் வேனிலேயே உட்கார்த்திவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

மிஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பித்தவர். மாத்தளை டவுன்காரர்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், இதிலே எத்தனை விஷயம் சரி பார்க்கப்பட்டது என்று கேட்டு ஆள் அனுப்புவார். நான் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலத்தில் அவருடைய ஆய்வில் உதவியாளனாகச் சேர்ந்தேன். இப்போது அப்பாவின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிறேன். வருத்தமில்லை.

நாங்கள் தேடியது மீனை அல்ல, மீன் விட்டுப்போனதை. ஒரு மீன் நீந்தும்போது தோல், சளி, கழிவு என்று தன்னில் கொஞ்சத்தை நீரில் விட்டுக்கொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்குகளில் அதன் டி.என்.ஏ. இருக்கும். ஆற்றில் ஒரு போத்தல் நீர் எடுத்து, மெல்லிய வடிதாளில் வடித்து, அந்தத் தாளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனால் அங்கே எந்தெந்த மீன் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், மீனுக்கும் நோகாது. கேட்பதற்கு எல்லாம் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிரைவர் அண்ணனின் விரலில் ஒட்டிய மாசி அந்த நீரில் பட்டால், எல்கடுவ மலையில் சூரை மீன் ஓடுகிறது என்று அதே ஆய்வுகூடம் கூசாமல் சொல்லும்.

அதனால் அவர் யாரையும் நம்பமாட்டார். தன்னை நம்புவது அதைவிடக் குறைவு. ஒவ்வொரு இடத்துக்கும் சுத்தமான நீர் நிரப்பிய ஒரு போத்தலை ஆய்வுகூடத்திலிருந்தே கொண்டுபோவோம். ஆற்றங்கரையில் அதைத் திறந்து, மற்றப் போத்தல்களுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்து, மூடிக் கொண்டுவருவோம். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஏதாவது இருந்தால், அது ஆற்றிலிருந்து வந்ததில்லை. எங்களில் ஒருவரிடமிருந்து வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் காவல் போத்தல்.

“யாருக்கு மிஸ் காவல்?” என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“நமக்கு. வேற யாருக்கு?”

ஒருமுறை காவல் போத்தலில் தங்கமீன் வந்துவிட்டது. கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார்களே, அந்தத் தங்கமீன். நாலு ஆறுகளில் அலைந்து எடுத்த போத்தல்கள் எல்லாவற்றையும் அவர் ஒரே நாளில் கழித்துப் போட்டார். அட்டை கடித்து என் காலில் தடிப்புகூட ஆறியிருக்கவில்லை. டிரைவர் அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தோம். இரண்டு நாள் கழித்து மிஸ்ஸே பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, “கள்ளன் அகப்பட்டாச்சு” என்றார். ஆற்றுக்குப் போவதற்கு முதல் நாள் மாலை தங்கை வீட்டுப் பிள்ளையின் மீன் தொட்டிக்குத் தீனி போட்டவர் அவர்தான். அதே பையைத்தான் மறுநாளும் தோளில் மாட்டியிருக்கிறார். அறிக்கையில் தன் பெயரைப் போட்டே அதை எழுதினார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆளைப் பிடித்துவிட்ட திருப்திதான் முகத்தில் இருந்தது.

இந்தப் புத்தி ஆற்றோடு நிற்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் யாராவது, “கண்டி பஸ் போயிடுச்சா?” என்று கேட்டால், “நான் வந்த பிறகு போகல” என்பார். கேட்டவர் விழிப்பார். சந்தையில் தோடம்பழக்காரர் ஒரு சுளையை உரித்து நீட்டி, “இனிப்பு எப்படிங்க?” என்றால், “இந்தச் சுளை இனிக்குது” என்பதோடு சரி. அவருடைய அம்மா போனில், “நல்லா இருக்கியாடி?” என்று கேட்க, இவர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னதை நானே பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு மனிதரோடு இரண்டு வருடம் வேலை செய்வது எளிதில்லை. ஆனால் அவர் ஒன்றை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது இருக்கும். அதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு, எங்களை அனுப்பியது இந்தப் பேர்தான். அந்த லயத்தை ஒட்டி ஓர் ஆறு ஓடுகிறது. ஆறு என்று அவர்கள் சொல்வார்கள். கடந்தால் முழங்கால்தான் நனையும். குளிப்பது, துவைப்பது, மரக்கறிப் பாத்திக்கு ஊற்றுவது எல்லாம் அதில்தான். குடிக்க மட்டும் மலையூற்று நீரை ஒரு சீமெந்துத் தொட்டியில் தேக்கி வைத்திருந்தார்கள். வெயில் காலத்தில் ஊற்று வற்றிவிடும். அப்போது குடிப்பதும் ஆற்றைத்தான்.

மேலே அந்த ஆற்றை மறித்து, நீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்க ஒரு கம்பனி வந்தது. மறிக்கும் இடத்துக்கும் குழாய் முடியும் இடத்துக்கும் நடுவில் லயம். அந்த நடுப்பகுதியில் கல்லும் மணலும்தான் மிஞ்சும். லயத்து ஆட்கள் அரசாங்கக் கச்சேரி அலுவலகம் வரை போய்ச் சொன்னார்கள். கதிரை போட்டு உட்காரவைத்து, கேட்டு, அனுப்பிவைத்தார்கள். பிறகு யாரோ ஒருவர், அந்த மலையில் முன்பு ஒரு சின்னக் கெண்டை மீன் இருந்தது, இப்போது அது அருகிப்போன மீன் என்று கிளப்பிவிட்டார். அந்த மீன் இன்னும் அந்த ஆற்றில் இருப்பது உறுதியானால் அனுமதி கிடையாது என்று மேலிடம் சொன்னது. மீன் இருந்தால் ஆறு தப்பும். நாற்பது குடும்பம் இருந்தால் தப்பாது. இது எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

ஆகவே நாங்கள் போனபோது லயமே வாசலுக்கு வந்தது. தேத்தண்ணி, ரொட்டி, உட்காரப் பாய் என்று ஒரே கவனிப்பு. தொழிற்சங்கக்காரரும் நல்ல வாய்க்காரருமான தோட்டத்துத் தலைவர், “என்னா மீனுங்க மிஸ், எப்படி இருக்கும்? ஒரு படத்தக் காட்டுங்க, பார்த்தோமான்னு சொல்லிடுறோம்” என்றார்.

“படம் காட்ட மாட்டேன். காட்டினா எல்லாரும் பார்த்தேன்னுதான் சொல்வீங்க.”

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் முதல் முறை எடுத்த போத்தல்களிலேயே, லயத்துக்குக் கீழே எடுத்ததில், அந்தக் கெண்டை மீன் வந்துவிட்டது. காவல் போத்தல் சுத்தம். அடுத்த தரம் நாங்கள் போவதற்குள் சேதி எப்படியோ மலையேறிவிட்டது. லயத்தில் சர்க்கரைச் சோறு ஆக்கியிருந்தார்கள். “நான் இன்னும் ஒண்ணும் சொல்லல” என்று அவர் சொல்லிக்கொண்டேயிருக்க, தட்டில் சோறு விழுந்துகொண்டேயிருந்தது. தலைவர் எங்கேயோ தேடிப்பிடித்து அந்த மீனின் படத்தைத் தன் போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். லெட்சுமி அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கொழுந்து பறிக்கிறவர். கூடை மாட்டி மாட்டி நெற்றியில் கயிற்றுத் தழும்பு ஏறியிருக்கும்.

“இந்த மீனுக்கா மிஸ் இத்தனை பாடு? இது நம்ம தண்ணித் தொட்டியிலயே இருக்குதுங்களே.”

மிஸ் தட்டைக் கீழே வைத்தார்.

தொட்டியில் எட்டிப் பார்த்தோம். விலாவில் கறுப்புக் கோடு போட்ட குட்டி மீன்கள், பத்துப் பன்னிரண்டு இருக்கும், சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தொட்டி நிரம்பி வழிகிற நீர் ஒரு கான் வழியாக ஓடி ஆற்றில் சேர்ந்தது. சேர்கிற இடத்துக்குச் சற்றுக் கீழேதான் நாங்கள் போத்தல் நிரப்பியிருந்தோம்.

“மீன் யாருங்க விட்டது?” என்று மிஸ் கேட்டார்.

“எங்க அண்ணந்தான்” என்றார் லெட்சுமி அக்கா பெருமையாக. “நான் கல்யாணம் கட்டி இங்க வந்த புதுசுல தொட்டியெல்லாம் கொசுப்புழு மிஸ். வாயில வைக்க முடியாது. அண்ணன்கிட்ட சொல்லி அழுதேன். மலைக்கு அந்தப் பக்கம் எங்க ஊட்டு ஆத்துல பிடிச்சு, தகரப் பேணியில போட்டு, நடந்தே கொண்டாந்து விட்டுச்சு. இப்ப ஒரு புழு கிடையாது. எல்லாம் அதுங்க குட்டிங்கதான்.”

நான் அந்தக் கானைத் திரும்பிப் பார்த்தேன். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் இன்னும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். மிஸ் தொட்டியிலிருந்து சில மீன்களைப் பிடித்து, வால் துடுப்பில் நக நுனியளவு வெட்டி எடுத்துக்கொண்டு மீனை மறுபடி விட்டார். ஆய்வுகூடத்தில் அதையும் ஆற்று நீரையும் ஒப்பிட்டோம். ஒரே இனம் என்றாலும் மலைக்கு அந்தப் பக்கத்து மீன் தலைமுறை தலைமுறையாகத் தனித்து வாழ்ந்ததால் அதன் டி.என்.ஏ.யில் ஒரு சின்ன அடையாளம் உண்டு. ஆற்றுப் போத்தலில் வந்ததிலும் அதே அடையாளம். நாங்கள் ஆற்றில் கண்டுபிடித்தது லெட்சுமி அக்காவின் தாய்வீட்டு மீனை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறு தப்பியிருக்கும். நான் இதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “இந்த ஆத்துக்குன்னு சொந்த மீன் இருக்கலாம். தொட்டி மீன் சத்தம் போடுறதுல அது கேக்காம இருக்கலாம். தொட்டிய நிப்பாட்டிட்டுத்தான் பார்க்கணும்” என்றார்.

லயத்துக் கோயில் முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு அவரே விஷயத்தைச் சொன்னார். தொட்டியை வற்றவைக்க வேண்டும். மீன்களை ஒரு பீப்பாயில் போட்டு, கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவில் வைக்க வேண்டும். ஊற்று நீரைத் தொட்டிப் பக்கமே விடாமல் வேறு சரிவுக்குத் திருப்பிவிட வேண்டும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள். அதுவரை குடிக்கிற நீரை ஏற்றம் ஏறி ஊற்று வாயிலேயே போய்ப் பிடித்து, சுமந்து வர வேண்டும்.

பெண்கள் ஊற்று இருக்கும் மேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தலைவர்தான் எழுந்தார்.

“எதுக்கு மிஸ் இத்தனை கஷ்டம்? நீங்க வர்றதுக்கு மொத நாள் ஒரு வாளி மீன அள்ளி ஆத்துல ஊத்திட்டா வேல முடிஞ்சிச்சு. யாருக்குத் தெரியப் போவுது?”

ஒரு சிரிப்பலை ஓடியது. ஆனால் எல்லாக் கண்ணும் மிஸ் முகத்தில் இருந்தது.

“ஊத்தாதீங்க” என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

இறங்கி வரும்போது வேனில் நான் சண்டை பிடித்தேன். தொட்டி மீனின் அடையாளம்தான் எங்கள் கையில் இருக்கிறதே. ஊற்றினால் கண்டுபிடித்துவிடுவோம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாமே. சொல்லாமல் வந்தால் பாவம், யாராவது ஊற்றிவிட்டு அகப்பட்டுக்கொள்வார்கள், லயத்துக்கே கெட்ட பெயர் வரும்.

“சொன்னா பயந்துக்கிட்டு ஊத்த மாட்டாங்க” என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. “அப்ப எனக்கு என்ன தெரிய வரும்?”

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஆற்றுக்கும் எங்களுக்கும் வைத்த காவலை இவர் அந்த மனிதர்களுக்கும் வைத்துவிட்டார் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அன்று அவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், கொஞ்சமும் பிடிக்கவில்லை. மனிதரைப் போத்தலாகப் பார்க்கிற படிப்பு என்ன படிப்பு என்று தோன்றியது.

அந்த மூன்று கிழமையில் மேலே மழையும் அதிகம் இல்லை. பெண்கள் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதற்கு முன்பு ஒரு நடை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகு ஒரு நடை என்று குடத்தையும் கேனையும் தூக்கினார்கள். லெட்சுமி அக்காவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினார். இடையில் ஒருநாள் ஊற்றைப் பார்க்கப் போனோம். தேத்தண்ணி வரவில்லை. பாயும் வரவில்லை. நாங்கள் கிட்டப் போனதும் பேச்சு நின்றது. அவர் ஊற்றைப் பார்த்தார், வற்றிய தொட்டியைப் பார்த்தார், திரும்பினார். பிள்ளைக் காம்பராவில் பீப்பாய் மூடியில்லாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு வாளியும் இருந்தது. அதை அவரும் பார்த்தார்.

கிழமைகள் முடிந்து நீர் எடுத்தோம். மேலே, லயத்தடியில், கீழே என்று வழக்கத்தைவிட அதிகமாக எடுத்தோம். தேயிலை மலையிலிருந்து வடிகிற சாயம் சோதனையைக் கெடுக்கும் என்று அதற்கும் தனியாக ஒரு சோதனை வைத்தார். முடிவு வந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். மற்ற மீன்கள் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. கோடு போட்ட கெண்டை ஒன்றிலும் இல்லை. ஆற்றுக்குச் சொந்தமானதும் இல்லை, தொட்டியினதும் இல்லை. அவர் திரையை மேலிருந்து கீழே பார்த்தார், மறுபடி பார்த்தார். சரி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“ஒருத்தருமே ஊத்தல” என்றார். திரையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த முறையில் தேடியதில் மீன் அகப்படவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அகப்படவில்லை என்றால் இல்லை என்று பொருளில்லை என்றும் எழுதினார். மீன் இல்லாவிட்டாலும் அந்த ஆற்றை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள் என்று, யாரும் கேட்காமலே ஒரு பக்கம் சேர்த்திருந்தார். அனுமதி பற்றிய கூட்டத்தில் முதல் வரியை மட்டும் வாசித்தார்கள். குழாய் வந்தது. இப்போது அங்கே போனால், மழை நாட்கள் தவிர மற்ற நாட்களில் செருப்பு நனையாமல் ஆற்றைக் கடக்கலாம். தலைவர் அவரை வாய்க்கு வந்தபடி பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பேசாமல் என்ன செய்வார்?

ஆனால் அறிக்கை போவதற்கு முன்பே அவர் லயத்துக்குப் போனார். போக வேண்டியதில்லை, போன் செய்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, கோயில் முன்னால், நின்றுகொண்டே சொன்னார். மீன் இல்லை என்றார். எல்லாப் பேச்சுக்கும் ஒரு வால் வைக்கிறவர், அன்று வால் வைக்கவில்லை. பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னொண்ணும் சொல்லணும்” என்றார் அவர். “நீங்க தொட்டி மீன ஆத்துல ஊத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்கு வழி இருக்கு. வேணும்னேதான் சொல்லாமப் போனேன். நான் உங்கள நம்பல.”

லெட்சுமி அக்கா கோயில் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“நாங்களும் உங்கள நம்பலங்க மிஸ். கம்பனிக்காரன் ஆளுன்னுதான் பேசிக்கிட்டோம். ஆனாலும் தண்ணி தூக்குனோம்ல.”

மிஸ் அப்படியே அந்தப் படியில், லெட்சுமி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அழுதார். லெட்சுமி அக்கா முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினார். பிறகு லயத்துப் பக்கம் திரும்பி, மிஸ்ஸுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுவரச் சொன்னார்.